தகுதியுள்ளது பிழைக்கும் என்றால், அந்தத் தகுதி எது?

கடலூரில் விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார். தகுதியுள்ளது பிழைக்கும் என்கிறார்கள். எது தகுதியுள்ளது என்று கேட்டால் பிழைத்ததுதான் என்கிறார்கள். இது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிற பேச்சாக இல்லையா? இது முதல் கேள்வி. பிள்ளை பெறாத மனிதர்கள் பரிணாமக் கணக்கில் தகுதியற்றவர்களா என்பது இரண்டாவது. இந்தத் தகுதியைக் கல்லூரி ஆய்வகத்தில் நாமே அளந்து பார்க்க முடியுமா என்பது மூன்றாவது. புதுச்சேரியில் இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன் என்பதால், பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகும் இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் உடல் வலிமை என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீன்களை நினைத்துக்கொள்ளுங்கள். வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் நழுவிவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். ஒரே இனத்தில் இரண்டு வகை இருப்பதாக வைப்போம். ஒரு வகை, தின்பதையெல்லாம் உடம்பில் போட்டு நன்றாக வளர்ந்த பிறகுதான் முட்டை வைக்கும். இன்னொன்று சின்ன உடம்பிலேயே முதிர்ந்து, கொஞ்சமாக, ஆனால் சீக்கிரமாக முட்டை வைத்துவிடும். வலையே இல்லாத கடலில் முதல் வகைக்குத்தான் லாபம், ஏனென்றால் பெரிய தாய்மீன் பல மடங்கு அதிக முட்டை இடும். வலைகள் நிறைந்த கடலில் அந்தப் பெரிய மீன் முட்டை வைக்கும் வயதை எட்டுவதற்குள் கூடைக்கு வந்துவிடும். அங்கே தகுதி அதிகமுள்ளது குட்டையான, அவசரக்கார மீன்தான்.

இது வெறும் கற்பனை இல்லை. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களில் 90 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். வேறு தொட்டிகளில் சிறியவற்றில் 90 சதவீதத்தை எடுத்தார்கள். நான்கே தலைமுறையில் முதல் வகைத் தொட்டிகளின் மீன்கள் சிறுத்துப்போயின. 2002-ல் வெளியான முடிவு இது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீன்வளம் சரிந்து 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்தும்படி ஆனது. அதற்கு முந்தைய வருடங்களிலேயே அந்த மீன்கள் வரவர இளம் வயதில், சிறு உடம்பில் முதிரத் தொடங்கியிருந்தன. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலம் முட்டையிடும் மீனுக்கு இடைவெளி கொடுக்கிறது. ஆனால் எந்த அளவு மீன் வலையில் விழுகிறது என்பதை அது மாற்றுவதில்லை. அந்தக் காரணத்தால் வலைக்கண் அளவைப் பற்றிய விதியும் எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுகிறது.

சரி, அப்படியானால் தகுதி என்பது எண்ணிக்கைதான்: ஒரு மரபுவகையைச் (அதாவது ஒரே மரபணு அமைப்பைச்) சேர்ந்தவை, குறிப்பிட்ட ஒரு சூழலில், அடுத்த தலைமுறைக்கு சராசரியாக எத்தனை வாரிசுகளைத் தரும் என்று எதிர்பார்க்கலாம் என்பது. உயிரோடு இருப்பது அந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. முதிர்ச்சி வரை பிழைப்பது, துணை கிடைப்பது, எத்தனை முட்டை அல்லது குட்டி என்பது, எந்த வயதில் தொடங்குகிறது என்பது எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கோவேறு கழுதை சளைக்காமல் பாரம் சுமக்கும். அநேகமாக எப்போதும் மலடு. பெருக்கலில் ஒரு இடத்தில் பூஜ்யம் விழுந்தால் மற்ற எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலும் தனியாக ஒன்றும் புரியாது. தை, மாசி மாதங்களில் கடலூர், புதுச்சேரிக் கடற்கரைகளில் பங்குனி ஆமை கரையேறி ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இடுகிறது. வாழ்நாளில் பல குழிகள். ஆனாலும் ஆமைக்கூட்டம் பெருகாமல் குறையாமல் இருக்க, ஒரு தாயின் வாழ்நாள் முட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் சராசரியாக இரண்டே இரண்டு வளர்ந்து இனப்பெருக்கம் செய்தால் போதும். யானை ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அங்கும் இறுதிக் கணக்கு அதேதான். எனவே ஆமையின் நூறையும் யானையின் ஒன்றையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒப்பீடு எப்போதும் ஒரே கூட்டத்துக்குள், ஒன்றோடொன்று போட்டியிடும் வகைகளுக்கு இடையில்தான். அதனால்தான் மிக அதிகமாக வாரிசு தரும் வகைக்கு 1 என்று மதிப்பு கொடுத்து, மற்றவற்றை 0.9, 0.7 என்று அதன் பின்னமாக எழுதுகிறோம். இயற்கைத் தேர்வின் வலுவைக் காட்டும் அந்தக் குறைவுக்குத் தேர்வுக் கெழு என்று பெயர்.

இந்தப் பின்னங்கள் சிறியதாகத் தெரியும், விளைவு சிறியதில்லை. பாலின்றிப் பெருகும் ஒரு உயிரினத்தில் நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் ஒரு வகை, மற்றதைவிட 10 சதவீதம் அதிக வாரிசு தருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 48 தலைமுறையில் பாதியாகிவிடும். இன்னொரு 48-ல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆகிவிடும். இந்த வகைக் கணக்கை முதலில் நிஜ உயிருக்குப் போட்டவர்களில் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் முக்கியமானவர். இங்கிலாந்தில் தொழிற்சாலைப் புகை படிந்த ஊர்களில் கறுப்பு அந்துப்பூச்சி எவ்வளவு வேகமாகப் பெருகியது என்பதை வைத்து, வெளிர் பூச்சி இரண்டு வாரிசு விட்டால் கறுப்புப் பூச்சி ஏறத்தாழ மூன்று விட்டிருக்க வேண்டும் என்று 1924-ல் கணக்கிட்டார். 1957-ல் அவர் இந்தியாவுக்கே வந்து குடியேறி, குடியுரிமையும் பெற்று, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். நம் மாணவர்களுக்கு அவர் பெயர் இன்னும் நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். தகுதியுள்ளது பிழைக்கும் என்ற வாசகம் டார்வினுடையதே இல்லை. தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-ல் எழுதியது. இயற்கைத் தேர்வைத் தானும் தனியாகக் கண்டறிந்த வாலஸ் வற்புறுத்தியதால், டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். வாசகத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான், வட்டமாகவே சுற்றும். வெளியே வரும் வழி, நடந்த எண்ணிக்கையையும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு பக்கம் ஈயம் ஊற்றிக் கனமாக்கிய தாயக்கட்டையை உருட்டுவதற்கு முன்பே, கையில் எடுத்து ஆராய்ந்து, எந்தப் பக்கம் அதிகம் விழும் என்று சொல்லிவிடலாம். ஒரு தடவை வேறு பக்கம் விழுந்தால் அதன் சாய்வு இல்லாமல் போய்விடாது. தகுதி அந்தச் சாய்வைப் போன்றது. யார் பிழைத்தார்கள் என்பது விழுந்த பக்கம். முதலாவது இரண்டாவதற்குக் காரணம், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நின்ற மரங்கள் தகுதியானவையா? நின்றன என்பதால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மரம் பக்கத்து வீட்டுச் சுவரின் மறைவில் இருந்ததால் தப்பியிருக்கலாம். அது அதிர்ஷ்டம், விதையில் போகாது. ஆழமாக வேர்விடும் மரபு அதற்கு இருந்து, அதே மரபுள்ள மரங்கள் பல தோப்புகளிலும் அதிகமாக நின்றிருந்தால், அப்போதுதான் இயற்கைத் தேர்வு நடந்ததாகச் சொல்லலாம். இதைப் பிரித்தறியப் புயலுக்கு முன்பே அளந்த கணக்கு வேண்டும்.

அப்படி ஒரு கணக்கு ஒரு இடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 2017-ல் கரீபியன் பகுதியின் டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் ஆய்வாளர்கள் சிறு அனோலிஸ் பல்லிகளை அளந்துவிட்டுக் கிளம்பினார்கள். சில நாட்களிலேயே இர்மா, அதன் பின் மரியா என்று இரண்டு பெரும்புயல்கள் அந்தத் தீவுகளைத் தாக்கின. திரும்பிப் போய் மீதமிருந்த பல்லிகளை அளந்தபோது, விரல் பட்டைகள் சராசரியாகப் பெரிதாகவும், முன்கால் நீளமாகவும், பின்கால் குட்டையாகவும் இருந்தன. இதோடு விடாமல், இலை ஊதும் இயந்திரத்தால் பல்லிகள் மேல் காற்றடித்துப் பார்த்தார்கள். காற்று பலமானதும் பின்கால்கள் கிளையிலிருந்து விடுபட்டுப் பாய்போல் காற்றைப் பிடிக்க, பல்லி முன்காலால் மட்டும் தொங்கியது. பிழைத்ததற்கான காரணத்தைப் பிழைத்தவர் பட்டியலைப் பார்க்காமலே உடல் அமைப்பிலிருந்து விளக்க முடிகிறது. உங்கள் வட்டம் இங்கே அறுந்துவிடுகிறது.

தகுதி உடம்புக்குள் இருக்கும் பண்பு என்று இன்னும் தோன்றினால், நம் ஊரிலேயே இருக்கும் ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பரிணாமத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்கி வருகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்களில் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவைப் புகுத்திய இரண்டு கொசு வகைகளை உருவாக்கியதாக அந்த மையம் 2022-ல் அறிவித்தது. இந்தப் பாக்டீரியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் கொசுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு நேரடியாக எதிர்காலமே கிடையாது. ஆனாலும் அது ஒரு வேலை செய்கிறது. பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டைகள் பொரிப்பதில்லை. பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோடு கூடினாலும் பொரிக்கும், குஞ்சுகள் எல்லாவற்றிலும் பாக்டீரியா இருக்கும்.

பாக்டீரியாவைச் சுமப்பதால் பெண்ணுக்குச் செலவு உண்டு. அவள் மற்றவளைவிட 20 சதவீதம் குறைவாக முட்டை வைக்கிறாள் என்று வைப்போம். அவள் தகுதி 0.8, அது மாறாது. பாக்டீரியா இல்லாத பெண்ணின் தகுதி, அவள் சந்திக்கும் ஆண்கள் யார் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் 10 சதவீதம்தான் பாக்டீரியா உள்ளவை என்றால், பத்தில் ஒரு கூடல் வீண். அவள் தகுதி 0.9. அவளே ஜெயிக்கிறாள், பாக்டீரியா தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து மறைந்துவிடும். கூட்டத்தில் 30 சதவீதம் பாக்டீரியா உள்ளவை என்றால், அவள் தகுதி 0.7-க்கு இறங்கிவிடுகிறது. இப்போது 0.8 ஜெயிக்கிறது, பாக்டீரியா கூட்டம் முழுவதையும் பிடிக்கும். எல்லைக்கோடு சரியாக 20 சதவீதத்தில் இருக்கிறது.

இங்கே என்ன மாறியது? கொசு மாறவில்லை, பாக்டீரியா மாறவில்லை, மழையோ வெயிலோ மாறவில்லை. சுற்றியிருக்கும் கூட்டத்தின் விகிதம் மட்டும் மாறியது. யார் தகுதியானவர் என்ற வரிசை தலைகீழாகிவிட்டது. பாக்டீரியா உள்ள பெண் ஒரு முட்டைகூட அதிகமாக வைக்கவில்லை. போட்டியாளரின் முட்டைகள் வீணாவதால் மட்டுமே அவள் முந்துகிறாள். இந்தக் காரணத்தால்தான் இப்படிப்பட்ட கொசுக்களை வெளியே விடும்போது, எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை வாரக்கணக்கில் தொடர்ந்து விட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் அருகே 2011-ல் அப்படி விட்டபோது பாக்டீரியா நிலைபெற்றது. கொசுவுக்கு அதிகச் செலவு வைக்கும் வேறொரு பாக்டீரியா ரகத்தை இன்னொரு முறை முயன்றபோது, விடுவதை நிறுத்தியதும் அது கரைந்துபோனது. செலவு கூடினால் எல்லைக்கோடு உயரும் என்று மேலே போட்ட எளிய கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிக்கலையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஒரு வருடத்துச் சராசரி போதுமா, பல வருடங்களா? கடலூர் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. முதல் மழையை நம்பி முளைத்தபின் வானம் பொய்த்தால் செடி கருகிவிடும். ஒரு களையின் விதைகள் எல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடுகின்றன என்று வைப்போம்: நல்ல வருடத்தில் ஒன்றுக்கு நான்கு, கெட்ட வருடத்தில் பூஜ்யம். இன்னொரு களையில் பாதி விதைதான் முளைக்கும், மீதிப் பாதி மண்ணுக்குள் காத்திருக்கும்: நல்ல வருடத்தில் 2.5, கெட்ட வருடத்தில் 0.5. கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் களைக்கு 2, இரண்டாவதுக்கு 1.5. ஆனால் தலைமுறைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. ஒரு நல்ல வருடமும் ஒரு கெட்ட வருடமும் வந்தால் முதல் களை நான்கு பெருக்கல் பூஜ்யம், அடியோடு போயிற்று. இரண்டாவது 1.25, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. சூழலியலாளர் டான் கோஹன் 1966-ல் இதைத் துல்லியமான சூத்திரமாக எழுதினார். நிலத்தில் ஒரே தடவை களையெடுத்தால் ஏன் தீருவதில்லை என்று விவசாயம் செய்பவர்களைக் கேளுங்கள், இதே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: இல்லை. இதுவரை சொன்ன எல்லாமே ஒரு வகையின் சராசரியைப் பற்றியது. ஒரு தனி மனிதருக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்து எந்த மரபுவகையின் தகுதியையும் கணக்கிட முடியாது. தாயக்கட்டையை ஒரு முறை உருட்டி அதன் சாய்வைச் சொல்ல முடியாததைப் போலத்தான்.

அதோடு, வாரிசு என்பது சொந்தப் பிள்ளை வழியாக மட்டும் வருவதில்லை என்பதை உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1964-ல் காட்டினார். உடன்பிறந்தவர்களிடம் நம் மரபணுவில் பாதியும், அத்தை மாமன் பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்கும் பொதுவாக இருக்கிறது. உதவியால் உறவினருக்குக் கிடைக்கும் கூடுதல் வாரிசுகளை அந்தப் பங்கால் பெருக்கினால் உதவியவர் இழந்ததைவிட அதிகமாக வந்தால், உதவும் குணத்துக்கான மரபணு பரவும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ரோப்பலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியில், வேலைக்காரக் குளவிகளுக்கு முட்டையிடும் திறன் உண்டு. ராணியை எடுத்துவிட்டால் அவற்றில் ஒன்று உடனே ராணி இடத்துக்கு வந்துவிடும். ராணி இருக்கும்வரை பெரும்பாலானவை உடன்பிறப்புகளையே வளர்க்கின்றன. பரீட்சையில் மாணவர்கள் தவறும் ஒரு இடம் இங்கே உண்டு: உறவினரின் எல்லாப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். உதவி இல்லாமலே பிறந்திருக்கும் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, உதவியால் கூடிய எண்ணிக்கையை மட்டுமே சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனிதருக்குப் போடும் மதிப்பெண்ணாக மாற்றியவர்கள் வரலாற்றில் உண்டு, அது பெரும் கொடுமையில் முடிந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-ல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிற மாநிலங்களும் தொடர, 60,000-க்கும் மேற்பட்டோர் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுக் கருத்தடைக்கு ஆளானார்கள். அங்கே அளக்கப்பட்டது உயிரியல் தகுதியே இல்லை. ஏழ்மையும், நோயும், அதிகாரிகளின் வெறுப்பும்தான். உயிரியல் சொல்லும் அர்த்தத்தில், சராசரியாக அதிக வாரிசு தரும் வகைதான் அதிகத் தகுதியுள்ளது. அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்று பயந்து சிலரைத் தகுதியற்றவர்கள் என்று அழைத்தது எவ்வளவு பெரிய முரண் என்று யோசியுங்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிக மகிழ்ச்சி கொடுத்தது. அளக்கலாம். 1988-ல் அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி ஈ. கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். 500 தலைமுறைக்கு ஒரு முறை கொஞ்சத்தை உறையவைத்தார். தகுதியை அறிய, உறைந்த மூதாதையை எழுப்பி, பேரனோடு ஒரே குடுவையில் போட்டு, ஒரு நாள் கழித்து எது எவ்வளவு பெருகியிருக்கிறது என்று எண்ணினார். தட்டில் ஒன்று சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரியும்படி அடையாளம் இருந்ததால் எண்ணுவது எளிது. 50,000 தலைமுறைக்குப் பின் பேரன்கள் மூதாதையைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வேகத்தில் பெருகின.

உங்களுக்கு உறைபெட்டி வசதி வேண்டாம். பழ ஈயில் சிவப்புக்கண், வெள்ளைக்கண் இரண்டும் பெரும்பாலான கல்லூரிகளில் கிடைக்கும். ஒரே பாட்டிலில் இரண்டையும் சம அளவில் விட்டு, தலைமுறைக்கு ஒரு முறை எண்ணுங்கள். வெள்ளைக்கண் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதனால் ஆண் ஈக்களில் வெள்ளைக்கண் எத்தனை சதவீதம் என்று எண்ணினாலே, முந்தைய தலைமுறைத் தாய்கள் கொடுத்த மரபணுவின் விகிதம் கிட்டத்தட்ட நேரடியாகக் கிடைத்துவிடும். ஒவ்வொரு தலைமுறையின் விகிதத்தையும் வரைபடத்தில் குறித்தால் சரிவிலிருந்து தேர்வுக் கெழு வரும். வெள்ளைக்கண் ஆணுக்குப் பார்வை மங்கல், பெண்ணைத் துரத்திப் பிடிப்பதில் பின்தங்கிவிடும். ஆகவே ஒரு தொகுதிப் பாட்டில்களை வெளிச்சத்திலும், இன்னொரு தொகுதியை முழு இருட்டிலும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கைந்து பாட்டில்கள் வேண்டும், இல்லையென்றால் தற்செயலையும் தேர்வையும் பிரிக்க முடியாது. சித்திரை வெயிலில் ஈக்கள் மலடாகிவிடும், 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வழி பார்த்துக்கொண்டு கார்த்திகையில் தொடங்குங்கள். இருட்டுப் பாட்டில்களின் எண்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.